அம்மாவுக்கு எந்தப் பழம்? நம்மூர்ப் பழங்களும் ஆன்டிஆக்ஸிடன்ட் கணக்கும்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்கு 63 வயது. பதினைந்து வருடமாக இனிப்புநீர். போன மாதம் கிளினிக்கில் சிறுநீரகமும் பழுதாக ஆரம்பித்துவிட்டது என்றார்கள். ஆஸ்திரேலியக் காட்டுப் பழமான ககாடு பிளம் தூளைத் தினமும் கலக்கிக் கொடு, உலகத்திலேயே அதில்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம் என்கிறார் ஒரு சொந்தக்காரர். இன்னொருவர் மங்குஸ்தான் சாறு போத்தல் விற்கிறார். இரண்டும் விலை அதிகம். நம் நாட்டிலேயே விளைகிற பழங்களில் அந்தச் சத்து இல்லையா? எதைக் கொடுக்கலாம்?"

தங்கச்சி, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தூள் வேண்டாம். போத்தலும் வேண்டாம். வீட்டில் பெலிம்பிங், அதாவது நட்சத்திரப் பழம், இருந்தால் அதை இன்றைக்கே அக்கம்பக்கத்தில் யாருக்காவது கொடுத்துவிடுங்கள், அவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு இல்லை என்று கேட்டுக்கொண்டு. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பதில் கொஞ்சம் நீளும். இந்த ஆன்டிஆக்ஸிடன்ட் என்ற சொல்லை வைத்துக்கொண்டு நம் ஆட்களிடம் நிறைய வியாபாரம் நடக்கிறது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் உங்கள் அம்மா மாதிரி உடம்பு முடியாதவர்கள். அதனால் இதை அவசரமாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

நான் பினாங்கில் உணவு ஆய்வுக்கூடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை செய்தவள். பழத்தை அரைப்பது, வடிகட்டுவது, சாற்றைச் சோதிப்பது, இதுதான் என் வேலை. ஆகவே அந்த 'அதிகம்' என்ற எண் எங்கிருந்து வருகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

வாழைக்காயை நறுக்கி அப்படியே வைத்தால் கறுத்துவிடும். மோர்த் தண்ணீரில் போட்டாலோ, எலுமிச்சை பிழிந்தாலோ கறுக்காது. காற்றிலுள்ள ஆக்ஸிஜன் காயின் சதையில் செய்கிற வேலையைப் புளிப்பு தடுத்துவிடுகிறது. எலுமிச்சையில் இருக்கிற வைட்டமின் சி தன்னையே கொடுத்து மற்றதைக் காப்பாற்றுகிறது. நம் உடம்பிலும் மூச்சு விடுகிற ஒவ்வொரு கணமும் இப்படிப்பட்ட ஆக்ஸிஜன் தாக்குதல் நடக்கிறது. அதைத் தணிக்கிற பொருள்களைத்தான் மொத்தமாக ஆன்டிஆக்ஸிடன்ட் என்கிறோம். வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பப்பாளிக்கும் செம்படாக்குக்கும் மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டுகள், நாவல் பழத்துக்கு நீலக்கறுப்பு தரும் ஆந்தோசயனின்கள், நெல்லிக்காயின் துவர்ப்பு, எல்லாம் இதில் அடக்கம்.

ஆய்வுக்கூடத்தில் இதை எப்படி அளக்கிறோம் தெரியுமா? டிபிபிஎச் என்று ஒரு ரசாயனம். மெத்தனாலில் கரைத்தால் அடர்ந்த ஊதாவாக, நன்றாகப் பழுத்த நாவல் பழச் சாறு மாதிரி இருக்கும். அதில் சில துளிப் பழச்சாற்றை விட்டு, அரை மணி நேரம் இருட்டில் வைத்து, 517 நானோமீட்டர் ஒளியில் படிப்போம். பழத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் இருந்தால் ஊதா வெளுத்து மஞ்சளாகிவிடும். எவ்வளவு வெளுத்தது என்பதுதான் எண். அழகான சோதனை. நான் நூற்றுக்கணக்கான தடவை செய்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் அந்த நிறம் மாறுவதைப் பார்க்கப் பிடிக்கும். ஆனால் அந்தக் கண்ணாடிக் குழாயில் வயிறு இல்லை, குடல் இல்லை, கல்லீரல் இல்லை, இரத்தம் இல்லை.

இதே மாதிரி ஓராக் என்று இன்னொரு அளவு உண்டு. "எங்கள் பழத்தின் ஓராக் மதிப்பு இத்தனை ஆயிரம்" என்று போத்தல்களில் அச்சடிப்பார்கள். அமெரிக்க வேளாண் துறை ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஓராக் பட்டியல் வைத்திருந்தது. 2012-இல் அதைத் தங்கள் தளத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். அந்த எண்களுக்கும் மனித உடம்பில் நடப்பதற்கும் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை, வியாபாரிகள் அதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். பன்னிரண்டு வருடத்துக்கு மேலாகிறது. இன்னும் போத்தல்களில் அந்த எண் வந்துகொண்டுதான் இருக்கிறது.

குழாய்க்கும் உடம்புக்கும் என்ன வித்தியாசம் என்பதைக் காட்ட நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்ளலாம். பினாங் என்றால் மலாயில் பாக்கு மரம்.

எங்கள் அப்பாயி பிறைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இடுப்பில் எப்போதும் சுருக்குப்பை. காலையில் நெற்றிவிளக்கைக் கட்டிக்கொண்டு மரத்துக்குப் போகும் முன்பே முதல் தாம்பூலம் ஆகிவிடும். வெற்றிலையை முந்தானையில் துடைத்து, காம்பைக் கிள்ளி, முதுகில் சுண்ணாம்பைச் சுண்டுவிரலால் தடவி, பாக்குவெட்டியில் பாக்கைச் சீவிப் போடுவார். ஒரு நிமிடத்தில் வாய் சிவந்துவிடும். நாங்கள் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து அந்தச் சிவப்பையே பார்த்துக்கொண்டிருப்போம்.

பல வருடம் கழித்து, ஆய்வுக்கூடத்தில் ஒருநாள் வேலை முடிந்த பிறகு, உலர்ந்த பாக்கைப் பொடித்து டிபிபிஎச் சோதனை செய்து பார்த்தேன். அரை மணி நேரம் தேவைப்படவில்லை. துளி விழுந்த கொஞ்ச நேரத்திலேயே ஊதா போய்விட்டது. அன்று மேசையில் இருந்த எந்தப் பழமும் அதற்கு அருகில் வரவில்லை. காரணம், உலர்ந்த பாக்கின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல் துவர்ப்புப் பொருள்கள்தான். எண்ணை மட்டும் பார்த்தால் பாக்கைத்தான் போத்தலில் அடைத்து விற்க வேண்டும்.

ஆனால் அதே பாக்கைத்தான் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராமல் தனியாகவே, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்புப் பொருள் என்று 2004-இல் வெளியிட்டது. அப்பாயியின் கன்னத்தின் உட்புறம் முதலில் வெளுத்துத் தடித்தது. அப்புறம் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. கஞ்சியைக் கரண்டியில்தான் ஊட்டினோம். நம் நாட்டில் வாய்ப் புற்றுநோய் அதிகமாக வந்தது தோட்டத்தில் பாக்குப் போட்ட அப்பாயிகளுக்கும் பாட்டிகளுக்கும்தான். இந்தியப் பெண்களிடம்தான் அந்த நோயின் விகிதம் உயர்ந்து நிற்கிறது.

பாக்கில் கெடுதல் செய்கிற பொருள்கள் வேறும் உண்டு, எல்லாப் பழியையும் துவர்ப்பின் மேல் போடவில்லை. ஆனால் அந்தத் துவர்ப்புக்கும் பங்கு உண்டு. குழாயில் ஆக்ஸிஜன் தாக்குதலைத் தணித்த அதே பொருள், வாயில் சுண்ணாம்பின் காரத்தோடு சேர்ந்தவுடன் தானே ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து, தாக்குகிற பொருள்களை உண்டாக்குகிறது. அந்தச் சிவப்பு நிறமே அந்த வினை நடந்ததற்கு அடையாளம். இடமும் துணையும் மாறினால் ஆன்டிஆக்ஸிடன்ட் எதிர்வேலை செய்யும் என்பதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே வீட்டில் பார்த்திருக்கிறேன், அப்போது என்னவென்று தெரியவில்லை.

மாத்திரைகளிலும் இதே கதை நடந்திருக்கிறது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1994-இல் வந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 18 விழுக்காடு அதிகமாக வந்தது. காரட்டும் பப்பாளியும் சாப்பிட்டு யாருக்கும் அப்படி வந்ததில்லை. பிரித்தெடுத்துக் குவித்துக் கொடுத்ததில்தான் கோளாறு.

அப்படியானால் பழம் எதற்கு என்று கேட்பீர்கள். பழம் நல்லதுதான். ஆனால் நாம் நினைக்கிற வழியில் இல்லை. அந்தத் துவர்ப்புப் பொருள்களில் பெரும்பகுதி இரத்தத்துக்குள் போவதே இல்லை. குடலில் வாழ்கிற நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து வேறு சிறு பொருள்களாக்குகின்றன, அவைதான் கொஞ்சம் உள்ளே போகின்றன. உடம்புக்கென்று சொந்தமாகக் குளுட்டாதியோன் போன்ற காவல் பொருள்கள் இருக்கின்றன. பழத்தின் பொருள்கள் அந்தக் காவலைத் தூண்டிவிடுகின்றன என்பதுதான் இன்று பலரும் ஏற்கிற விளக்கம். ஆப்பிள் சாப்பிட்டவுடன் இரத்தத்தின் ஆன்டிஆக்ஸிடன்ட் அளவு ஏறுகிறதே என்று ஒரு காலத்தில் மகிழ்ந்தார்கள். 2000களில் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்த்தபோது, பழச்சர்க்கரையால் இரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியதுதான் அதற்குப் பெரும் காரணமாக இருந்தது. உங்கள் அம்மாவுக்கு யூரிக் அமிலம் கூடுவது நல்ல செய்தியா?

சரி, இப்போது பழங்களுக்கு வருகிறேன்.

ககாடு பிளம் மோசமான பழம் இல்லை. ஆஸ்திரேலியாவின் வடபகுதிப் பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்தது. நூறு கிராமில் ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு, சில மரங்களில் ஐயாயிரத்தையும் தாண்டும். உலகத்தில் அதிகம் என்று உங்கள் சொந்தக்காரர் சொன்னது வைட்டமின் சி விஷயத்தில் பொய் இல்லை. ஆனால் நம் நாட்டுப் பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை 70 மில்லிகிராம்தான். 200 மில்லிகிராம் வாக்கில் இரத்தம் கிட்டத்தட்ட நிரம்பிவிடும், அதற்கு மேல் கொடுப்பதில் பெரும்பகுதி சிறுநீரில் போகும். போகிற வழியில் ஒரு பகுதி ஆக்ஸலேட்டாக மாறும். ஆக்ஸலேட்தான் சிறுநீரகத்தில் கல்லாகப் படிவது. ககாடு பிளத்தில் இயல்பாகவே ஆக்ஸலேட்டும் நிறைய இருக்கிறது. சிறுநீரகம் தளர ஆரம்பித்த ஒருவருக்கு அதைத் தூளாகச் செறிவாக்கித் தினமும் கொடுப்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். முதலிலேயே வேண்டாம் என்றது இதனால்தான்.

அந்தப் பழத்தின் பங்காளிகள் நம்மிடமே இருப்பது உங்களுக்குத் தெரியுமா? கடுக்காயும் தான்றிக்காயும் ககாடு பிளத்தின் ஒரே பேரினம், டெர்மினேலியா. பினாங்குக் கடற்கரையோரம் குடை மாதிரி அடுக்கடுக்காக நிற்கிறதே கெத்தாப்பாங் மரம், நாம் நாட்டு வாதுமை என்போமே, அதுவும் அந்தக் குடும்பம்தான். உதிரும் முன் அதன் இலை செக்கச்செவேல் என்று சிவப்பதும் ஆந்தோசயனின்தான்.

நெல்லிக்காயைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. பலர் இதை இந்தியாவிலிருந்து பெட்டியில் வருகிற காய் என்று நினைக்கிறார்கள். லிட்டில் இந்தியாவில் விற்பது பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. ஆனால் நெல்லி மரம் இந்த மண்ணுக்கும் உரியது. மலாயில் அதன் பெயர் போக்கோக் மலாக்கா. மலாக்காவை நிறுவிய பரமேஸ்வரா எந்த மரத்தடியில் இளைப்பாறினார் என்று சொல்லி அந்த ஊருக்குப் பெயர் வைத்தார்களோ, அந்த மரம் நம் பெருநெல்லி. அதியமான் ஒளவைக்குக் கொடுத்த காயும் மலாக்காவுக்குப் பெயர் கொடுத்த காயும் ஒன்று என்று முதன்முதலில் தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை. நூறு கிராமில் சில நூறு மில்லிகிராம் வைட்டமின் சி, அதோடு எலாஜிட்டானின் என்ற துவர்ப்புப் பொருள்கள். நெல்லியைக் கடித்துத் தண்ணீர் குடித்தால் இனிக்கும் அல்லவா, அந்தத் துவர்ப்பு விட்டுச்செல்வதுதான் அது. உங்கள் அம்மாவுக்கு எப்போதாவது ஒரு காய், மென்று சாப்பிட, போதும். ஐந்தாறு காயை அரைத்து வெறும் வயிற்றில் சாறாகக் கொடுக்கிற பழக்கம் வேண்டாம். இனிப்புநீர் மாத்திரையும் சேர்ந்து சர்க்கரை இறங்கிவிடலாம், ஆக்ஸலேட் பிரச்சினையும் இருக்கிறது.

அடுத்து மங்குஸ்தான். இதில்தான் விற்பவர்கள் மிகவும் சாமர்த்தியமாகப் பேசுவார்கள். ஸாந்தோன் என்ற பொருள் இருக்கிறது, அது அதைச் செய்யும் இதைச் செய்யும் என்பார்கள். ஸாந்தோன் இருப்பது உண்மை. ஆல்ஃபா மாங்கோஸ்டின் என்பது அதில் முக்கியமானது. ஆனால் அது எங்கே இருக்கிறது? தோலில். ஒரு பழத்தை இரண்டு உள்ளங்கைக்குள் வைத்து அழுத்திப் பிளந்து பாருங்கள். வெளியே கரும்பழுப்புத் தோல், உள்ளே செங்கருஞ்சிவப்பாக விரல் பருமனுக்கு ஒரு பஞ்சுப் பகுதி, நடுவில் வெள்ளைச் சுளைகள். கையில் ஒட்டுகிற அந்தச் சாயம் சட்டையில் பட்டால் போகாது. துவர்ப்பு, ஸாந்தோன், நிறம் எல்லாம் அந்தத் தோலிலேயே நின்றுவிடுகின்றன. சுளையில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர், சர்க்கரை, மணம், கொஞ்சம் நார். வைட்டமின் சி-கூட மிகக் குறைவு.

அதற்காகச் சுளையை மட்டம் தட்டவில்லை. அந்த ருசிக்கு ஈடு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. பழத்தின் அடியில் பூ மாதிரி ஒரு முத்திரை இருக்கும், அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. பேரப்பிள்ளைகளை வைத்து எண்ணச் சொல்லி அம்மா விளையாடலாம். பொட்டாசியமும் குறைவு என்பதால் சிறுநீரகத்துக்கும் பெரிய தொந்தரவு இல்லை. பருவத்தில் இரண்டு பழம் தாராளமாகச் சாப்பிடட்டும்.

போத்தல் வேறு. தோலையும் சேர்த்து அரைத்து, வேறு பழச்சாறு கலந்து, இனிப்பாக்கி விற்பது. தோல் மருந்து நம் பக்கத்தில் பழையதுதான், காய்ந்த தோலைக் கொதிக்க வைத்து வயிற்றுப்போக்குக்குக் கொடுப்பார்கள், இரண்டு நாள் கொடுத்து நிறுத்திவிடுவார்கள். மாதக்கணக்கில் தினமும் குடிப்பது புதுப் பழக்கம். அப்படித் தொடர்ந்து குடித்த ஒருவருக்கு இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறியதை 2008-இல் ஒரு சிறுநீரக மருத்துவ இதழ் பதிவு செய்தது. ஒரே ஒருவருக்கு நடந்தது, அதை வைத்து எல்லோருக்கும் வரும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் சிறுநீரகம் பழுதானவர், அதிலும் மெட்ஃபார்மின் என்ற இனிப்புநீர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், அந்த அமிலம் ஏறுகிற வாய்ப்பு ஏற்கெனவே கொஞ்சம் உண்டு. அதன் மேல் இன்னொன்றை ஏன் ஏற்ற வேண்டும்?

ரம்புத்தானும் அதே மாதிரிதான். கோலாலம்பூரை அடுத்த சன்வேயில் இருக்கிற மோனாஷ் பல்கலைக்கழக வளாகத்தில் ரம்புத்தான் தோலை வருடக்கணக்காக ஆராய்ந்தார்கள். அதில் ஜெரானீன் என்ற பொருள் நிறைய இருப்பதைக் கண்டுபிடித்துப் பிரித்தெடுத்தார்கள். நாம் உரித்துக் குப்பையில் போடுகிற தோலில் இவ்வளவு இருக்கிறதே என்பது நல்ல ஆராய்ச்சி, நாளைக்கு அதிலிருந்து மருந்தும் வரலாம். அதுவரை தோலைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லி யாராவது தகவல் அனுப்பினால், தயவுசெய்து அதை இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள். சுளையைச் சாப்பிடலாம். நாலைந்து பழம் ஒரு பங்கு.

இந்த மண்ணின் பழங்களில் நிறத்தை அப்படியே சதையில் வைத்திருப்பவை சிலதான். நாவல் ஒன்று. இன்னொன்று செண்டுடுக். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொன்னால் உடனே தெரியும்: லயத்துக்குப் பின்னால், கான் ஓரமாக, ஊதாப் பூவோடு நிற்கிற புதர். காய் முற்றினால் தானே வெடித்து உள்ளே மசி மாதிரி கறுப்பாகத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பறித்துத் தின்றுவிட்டு நாக்கை நீட்டி யாருக்கு அதிகம் கறுத்திருக்கிறது என்று பார்ப்போம். அதன் அறிவியல் பெயர் மெலஸ்டோமா, கிரேக்கத்தில் 'கறுப்பு வாய்' என்றுதான் அர்த்தம். அந்தக் கறுப்பு ஆந்தோசயனின். வீட்டில் ஒரு சோதனை செய்து பாருங்கள். நாவல் பழத்தை நசுக்கிய தண்ணீரில் எலுமிச்சை விட்டால் பளிச்சென்று சிவக்கும், சோப்புத் தண்ணீர் விட்டால் நீலமும் பச்சையுமாக மாறும். அவ்வளவு எளிதில் மாறுகிற பொருள், காய்ச்சிப் போத்தலில் அடைத்து ஆறு மாதம் கடையில் வைத்தால் எவ்வளவு மிஞ்சும்? நாவல் கிடைத்தால் அம்மாவுக்கு ஒரு கைப்பிடி கொடுங்கள். கொட்டையைப் பொடி செய்து இனிப்புநீருக்குக் கொடுப்பது தனிக் கதை, அதை மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள்.

பினாங்கில் இருந்துகொண்டு ஜாதிக்காயைச் சொல்லாமல் விட முடியாது. பாலேக் பூலாவில் மரத்தைப் பார்த்தால் நம் ஊர் மரம் என்றே தோன்றும், ஆனால் அதன் பிறப்பிடம் பண்டா தீவுகள். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்து நட்டது. பழத்தைப் பிளந்தால் கருங்கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை மாதிரி ஜாதிபத்திரி, அந்தச் சிவப்பு தக்காளியில் இருக்கிற அதே லைக்கோபீன். நாம் ஜூஸாகவும் ஊறுகாயாகவும் சாப்பிடுவது வெளிச்சதையை. சௌராஸ்தா மார்க்கெட்டில் கண்ணாடி ஜாடிகளில் பளபளவென்று இருக்கிறதே, அதில் பழத்தை விடச் சர்க்கரைதான் அதிகம். உப்பில் ஊறிய கெடொண்டோங், ஆசாம் போய் தூவிய கொய்யா எல்லாம் உப்பின் கணக்கில் வரும். விருந்தாளிக்கு வாங்குங்கள், அம்மாவுக்கு மருந்தென்று வாங்காதீர்கள்.

லக்சாவில் போடுகிற ஆசாம் கெப்பிங்கும் ஒரு பழம்தான். சிறு பூசணி மாதிரி வரிவரியான மஞ்சள் பழத்தைச் சீவி வெயிலில் காயவைத்தது. கெலுகோர் என்று ஓர் ஊரே அந்த மரத்தின் பெயரில் இருக்கிறது. மங்குஸ்தானுக்கும் குடம்புளிக்கும் இது தம்பி. குழம்பில் இரண்டு துண்டு போடுவது நல்ல சமையல். அதே குடம்புளியின் சாரத்தை இளைப்பதற்கான மாத்திரையாக விழுங்கிச் சிலருக்குக் கல்லீரல் கெட்டிருக்கிறது.

இப்போது பெலிம்பிங். இதைக் கவனமாகப் படியுங்கள். நட்சத்திரப் பழம், ஆரோக்கியமானவருக்கு நல்ல பழம், வைட்டமின் சி உண்டு, துவர்ப்பு உண்டு, குழாயில் போட்டால் ஊதாவை நன்றாகவே வெளுக்கும். ஆனால் அதில் கேரம்பாக்ஸின் என்ற நரம்பு நஞ்சு இருக்கிறது. பிரேசிலில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் அதை அடையாளம் கண்டார்கள். நல்ல சிறுநீரகம் அதை வடித்து வெளியே தள்ளிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. நஞ்சு மூளைக்கு ஏறும். முதலில் நிற்காத விக்கல் வரும். அப்புறம் குழப்பம், வலிப்பு. உயிரே போயிருக்கிறது. இதனோடு ஆக்ஸலேட்டும் மிக அதிகம்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன், வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர். வீட்டு மரத்தில் காய்த்ததே என்று ஒரு மாலையில் இரண்டு பழச் சாறு குடித்தார். இரவு விக்கல் ஆரம்பித்தது. சூடு தண்ணீர், சர்க்கரை, முதுகில் தட்டுவது என்று எல்லாம் செய்தார்கள். மறுநாள் அவர் மகளின் பெயரே அவருக்கு நினைவில்லை. மருத்துவமனையில் "என்ன சாப்பிட்டார்" என்று கேட்டபோது, பழம்தானே என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான் பாட்டி சொன்னார். நல்லவேளை, அன்றே சுத்திகரிப்பு செய்து பிழைத்துக்கொண்டார். அந்த மரத்தை அவர் மகன் வெட்டிவிட்டான். பெலிம்பிங் பூலோ என்ற புளிச்சங்காயும் இதே குடும்பம். அதைச் சாறாக்கிக் குடித்துத் திடீர்ச் சிறுநீரகச் செயலிழப்பு வந்தவர்கள் பத்துப் பேரைப் பற்றிக் கேரள மருத்துவர்கள் 2013-இல் எழுதினார்கள்.

நம் நாட்டில் 2019-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களிடம் அந்த விகிதம் அதைவிட மிக அதிகம். இனிப்புநீருக்குப் பின்னால் வருவது சிறுநீரகம். அதனால் பெலிம்பிங் பற்றிய இந்தச் செய்தி ஒவ்வொரு தமிழர் வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டியது என்று நினைக்கிறேன்.

உங்கள் அம்மாவுக்கு என்ன கொடுப்பது? சுகாதார அமைச்சு சொல்கிற 'கால், கால், அரை' தட்டில் அந்த அரைப் பங்கு காய்கறியும் பழமும். பழம் ஒரு நாளைக்கு இரண்டு பங்கு, பிரித்துப் பிரித்து. இரண்டு மங்குஸ்தான் ஒரு பங்கு, நாலைந்து ரம்புத்தான் ஒரு பங்கு. சாறாகக் கொடுக்காதீர்கள், மென்று சாப்பிடட்டும். 2013-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, 1,87,382 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தது. முழுப் பழம் சாப்பிட்டவர்களுக்கு இனிப்புநீர் வரும் வாய்ப்பு குறைந்தது, பழச்சாறு குடித்தவர்களுக்குக் கூடியது. பழம் அதேதான், நார் போய், சர்க்கரை ஒரே மூச்சில் இறங்குவதுதான் வேறு.

கொய்யாவை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். அது இங்கே பிறந்த பழம் இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. ஆனால் ஆயர் ஈத்தாம் சந்தையில் மலிவாகக் கிடைக்கிற பழங்களில் வைட்டமின் சி-க்கு அதை மிஞ்ச ஆளில்லை. நூறு கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல், ஆரஞ்சைப் போல நாலு மடங்கு. சர்க்கரையும் மெதுவாகத்தான் ஏறும். சாதாரண இனிப்புநீர்க்காரருக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். உங்கள் அம்மாவுக்கு ஒரே தடை பொட்டாசியம். கொய்யாவிலும் டுரியானிலும் நூறு கிராமுக்கு 400 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. தளர்ந்த சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாமல் போனால் இதயத் துடிப்பே தடுமாறும்.

ஆகவே அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது இரத்தப் பரிசோதனைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் பொட்டாசியம் என்ற வரியைப் பாருங்கள். 3.5-க்கும் 5-க்கும் நடுவில் இருந்தால், உணவியலாளரிடம் "அரைக் கொய்யா கொடுக்கலாமா" என்று நேரடியாகக் கேளுங்கள், எந்த நிலைச் சிறுநீரகம் என்பதைப் பார்த்து அவர் சொல்வார். 5-க்கு மேல் இருந்தால் கொய்யாவையும் டுரியானையும் தள்ளிவைத்துவிட்டு, மங்குஸ்தான், ரம்புத்தான், ஒரு கைப்பிடி நாவல், இவற்றோடு இருங்கள். அந்தத் தாளில் இருப்பதை இங்கே எழுதினால் நானும் பார்த்துச் சொல்கிறேன். அம்மா என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.